எல்லாரும் ஆஸ்பத்திரியில்தான் பெறுகிறார்கள், அப்புறம் நர்சம்மா எதற்கு?

காரிமங்கலம் வாசகர், 3 ஜூன் 2024, மாலை 6.10

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. தமிழ்நாடு முழுக்க 99.6 சதவீதம் ஆஸ்பத்திரிப் பிரசவம் என்று 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. அப்படியிருக்க, கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போவது பழைய காலத்து வேலை. ரெஜிஸ்டர் எழுதுவதைத் தவிர அவர்கள் என்ன செய்கிறார்கள்? அந்தச் சம்பளத்தில் இன்னும் நாலு டாக்டர், நாலு ஸ்கேன் மெஷின் போட்டால் தாய் சாவும் குழந்தை சாவும் நின்றுவிடும். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு 9.35

மறுக்கிறேன். கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். முதலில் பென்னாகரம் பக்கம், அப்புறம் தேன்கனிக்கோட்டை பக்கம். சாப்பாட்டு வேலையை முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

3 ஜூன், இரவு 10.50

தம்பி, நீங்கள் சொன்ன 99.6 சரிதான். ஆனால் ஒரு கர்ப்பம் 280 நாள். சுகப்பிரசவம் என்றால் ஆஸ்பத்திரியில் இருப்பது இரண்டு மூன்று நாள், சிசேரியன் என்றால் ஒரு வாரம். மற்ற நாளெல்லாம் அவள் வீட்டில், வயலில், செங்கல் சூளையில், பஸ்ஸில் இருக்கிறாள். சாவுக்கு வழி போடுவதெல்லாம் அந்த நாட்களில்தான். கடைசி மூச்சு ஆஸ்பத்திரியில் போவதால், ஆஸ்பத்திரியில் செத்தாள் என்று எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் 2001–03இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20இல் அது 54க்கு வந்தது. அப்போது இந்தியாவுக்கு 97. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 2020 கணக்கில் இங்கே ஆயிரத்துக்கு 13, இந்தியாவில் 28. இதெல்லாம் சும்மா வரவில்லை. பி.எச்.சி.யில், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில், மூன்று ஸ்டாஃப் நர்ஸ் போட்டு இரவு பகல் பிரசவம் பார்க்க வைத்தார்கள். 2008 செப்டம்பரில் 108 வந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் சீமாங் மையம், அதாவது அவசரப் பிரசவத்துக்கும் பச்சிளங்குழந்தைக்குமான சிகிச்சை மையம் வந்தது. அங்கே ராத்திரியிலும் ஆபரேஷனுக்கு ஆளும் ரத்தமும் தயாராக இருக்க வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிகளுக்கு 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய உதவித் தொகை 2006இல் 6,000 ஆனது, 2011இல் 12,000, 2018இல் 18,000.

சரி, கட்டடம் வந்தது, வண்டி வந்தது, பணம் வந்தது. பாட்டியும் அம்மாவும் வீட்டிலேயே பெற்ற குடும்பத்துப் பெண்ணை, நடுராத்திரி பனிக்குடம் உடைந்ததும் அந்த வண்டியில் ஏறு என்று நம்ப வைத்தது யார்? போஸ்டர் பார்த்து யாரும் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து மாமியாரிடம் பேசியவர்கள் நாங்கள்.

4 ஜூன், காலை 7.20

இன்று ஓட்டு எண்ணிக்கை, ஊரே டிவி முன்னால் இருக்கும். எனக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிகள் நாள்தான். பி.எச்.சி. வாசலில் காலையிலேயே வரிசை நிற்கும்.

ரத்தத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் நூறு மில்லிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை. 12 கிராம் இருப்பவள் பிரசவத்தில் அரை லிட்டர் போனாலும் இரண்டு நாளில் எழுந்து நடப்பாள். 6 கிராம் இருப்பவளுக்கு அதே அரை லிட்டர் போதும், இதயம் தாங்காது. டாக்டர் அதேதான், டேபிள் அதேதான். அவளைக் காப்பாற்றியிருக்க வேண்டியது மூன்று மாதத்துக்கு முன்னால்.

நாங்கள் அதைப் பார்த்தது, நிறத்தை வைத்து அளக்கும் சாலி மீட்டர் என்ற கருவியில். விரல் நுனியைத் துடைத்து, குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் ரத்தத்தை ஏற்றி, ஆசிட் விட்ட இன்னொரு குழாயில் சேர்ப்போம். பத்து நிமிஷம் பொறுத்தால் பழுப்பு நிறமாகும். அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்கி, பக்கத்துக் குழாயின் நிறத்தோடு ஒன்றாகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். கடுமையாக இருப்பவளுக்கு இரண்டு மூன்று சொட்டு விட்டதுமே நிறம் ஒன்றாகிவிடும். அந்த வேகத்தைப் பார்த்தாலே நமக்கு வயிறு கலங்கும். எதிரில் அவள் பாட்டுக்கு முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, "சீக்கிரம் விடுங்க நர்சம்மா, ஆடு கட்டலை" என்பாள்.

4 ஜூன், காலை 7.55

எழுத விட்டது. அவளுக்கு இரும்பு மாத்திரை கொடுத்திருப்போம். ஆனால் தின்றாளா என்பதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. கேட்டால் தலையை ஆட்டுவாள். ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் எடுத்து வர அவள் உள்ளே போன நேரம், சாமி படத்துக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். மாதா மாதம் வாங்கியது அத்தனையும் அங்கே. காரணம் கேட்டால் மாமியார் சொன்னார்: "அதைத் தின்னா புள்ள கருப்பாப் பொறக்கும்". வாந்தி வருகிறது, மலம் கருப்பாகப் போகிறது என்று இவளும் பயந்திருந்தாள். மலம் கருப்பாவது இரும்பு மாத்திரையால், பயப்பட ஒன்றுமில்லை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படுக்கப் போகும்போது போடச் சொன்னேன், வாந்தி நின்றது. மாமியாரிடம் எதிர்த்துப் பேசவில்லை. அவருக்கும் விரலைக் குத்திப் பார்த்தேன். அவருடைய ரத்தமும் எட்டில்தான் இருந்தது. அவரும் மாத்திரை போட ஆரம்பித்தார்.

எத்தனை ஸ்கேன் மெஷின் வாங்கினாலும் அந்த சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது தெரியாது, தம்பி.

4 ஜூன், இரவு 8.15

அரூரிலிருந்து ஒருவர், "நம் ஊர் களியைத் தின்றால் ரத்தம் ஊறாதா?" என்று கேட்டிருக்கிறார். களி நல்ல சாப்பாடு, நான் இன்றும் அதைத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் கேழ்வரகின் பெரிய பலம் சுண்ணாம்புச்சத்து. 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. இரும்பு நாலு மில்லிகிராம் பக்கம்தான், அதுவும் முழுதாக உடம்பில் ஏறாது. முளைகட்டி மாவாக்கினால் கொஞ்சம் கூடுதலாக ஏறும். களியோடு முருங்கைக்கீரையும், கூட ஒரு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வாயில் போடக் கூடாது, ஒன்று இன்னொன்றை ஏறவிடாது. டீ குடித்த கையோடும் இரும்பு மாத்திரை வேண்டாம். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நூறு பேர் நிற்கும் வரிசையில் அந்த ஒரு நிமிஷம் எந்த டாக்டருக்கும் கிடைப்பதில்லை.

5 ஜூன், மதியம் 1.30

தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடும் ரத்தசோகைக்குக் காரணமா என்று கேட்டவருக்கு. ஆமாம், நம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பல் பழுப்பதும் முட்டி பிடிப்பதும் எல்லாருக்கும் தெரியும். அது குடலின் உட்சவ்வைக் கெடுத்து சத்து ஏறாமல் செய்கிறது, கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வரும் ஊரில், குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடியுங்கள். போர் தண்ணீர் துவைக்கவும் மாட்டுக்கும் இருக்கட்டும். சிலர் "காவிரித் தண்ணி சப்புன்னு இருக்கு" என்று போர் தண்ணீரையே குடிக்கிறார்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டிலாவது மாற்றுங்கள்.

6 ஜூன், காலை 6.40

ராத்திரி தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "இப்போது பிக்மி இருக்கிறது, எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. வீட்டுக்குப் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டுமா?"

பிக்மி, அதாவது கர்ப்பிணிகளைப் பதியும் அரசுக் கம்ப்யூட்டர் பதிவு, நல்ல ஏற்பாடு. அதில் கொடுக்கும் பன்னிரண்டு இலக்க எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது என்று வைத்ததால் பதிவு செய்யாமல் விடுபவர்கள் குறைந்தார்கள். ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தை யோசித்துப் பாருங்கள். பெண் பாலக்கோட்டுக்காரி, வாழ்க்கைப்பட்டது கெலமங்கலத்தில். மூன்றாம் மாதம் கெலமங்கலம் பக்கத்தில் பதிவாகிறாள். வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கெலமங்கலத்து நர்ஸ், அவள் போய்விட்டாள் என்கிறார். பாலக்கோட்டு நர்சுக்கு அவள் வந்ததே தெரியாது. மாவட்டமும் மாறிவிட்டது. ரத்த அழுத்தம் ஏறுகிற ஒன்பதாவது மாதம் அவள் இரண்டு பேர் கண்ணிலும் இல்லை. குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்ப மாமியார் வீட்டுக்குப் போகும்போது தடுப்பூசி விட்டுப்போகிறது.

கம்ப்யூட்டரில் எண் அசையாமல் இருக்கும், பெண் ஊர் மாறிப் போயிருப்பாள். நாங்கள் என்ன செய்தோம்? "உங்க ஏரியாவுக்கு ஒரு பொண்ணு வர்றா, தலைச்சன் பிள்ளை, போன செவ்வாய்க்கிழமை பிரஷர் கொஞ்சம் கூட இருந்தது, நாளைக்கே போய்ப் பாருங்க" என்று போன் போட்டோம். ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காமலே வருஷக்கணக்கில் இப்படிப் பேசிக்கொண்ட செவிலியர்கள் இருக்கிறோம்.

பெங்களூர் கதை இன்னும் சிக்கல். அரூர், ஊத்தங்கரைப் பக்கமிருந்து கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள், எட்டாம் மாதம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வருவார்கள். சிலரிடம் கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாயி கார்டு இருக்கும், கன்னடத்தில். தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்து நர்சுகளுக்குக் கன்னடம் படிக்கத் தெரியும், சமாளித்துவிடுவார்கள். மற்ற இடங்களில் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பலரிடம் அதுவும் இருக்காது.

7 ஜூன், இரவு 9.10

காட்டு ரோட்டில் வண்டி தாமதமாவது பற்றி அஞ்செட்டிக்காரர் எழுதியதற்கு நன்றி. அந்தக் காட்டு ரோட்டில் ராத்திரி யானை நின்றால் 108 ஆனாலும் நின்றுதான் ஆக வேண்டும். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை, ஏரிமலை, அலகட்டு போன்ற ஊர்களிலிருந்து டோலி கட்டித் தூக்கி வந்ததைத் தர்மபுரிக்காரர்கள் எல்லாரும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

பிரசவம் ஆனதும் கர்ப்பப்பை சுருங்க வேண்டும். நிறைமாதத்தில் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் அங்கே ஓடுகிறது. சுருங்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம். பேறுகால ரத்தப்போக்குக்கு அவ்வளவுதான் அவகாசம். அதனால்தான் குழந்தை வெளியே வந்த ஒரு நிமிஷத்துக்குள் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறோம். அப்படியும் நிற்காதவளுக்கு, காலிலிருந்து வயிறு வரைக்கும் இறுக்கிக் கட்டும் உடுப்பு ஒன்று இருக்கிறது. ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி, வழியில் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் மருந்தின் முதல் டோஸைப் போட்டுவிட்டுத்தான் ஏற்றி அனுப்ப வேண்டும், போடாமல் அனுப்பக் கூடாது.

மலை ஊர்களுக்கு இன்னொரு வழி, தேதி நெருங்கும்போதே அடிவாரத்துக்கு அழைத்து வந்து பிரசவக் காத்திருப்பு அறையில் தங்க வைப்பது. நல்ல யோசனை. ஆனால் மூத்த பிள்ளைக்குச் சோறு யார் போடுவது, ஆட்டை யார் பார்ப்பது என்று கேட்பாள். அதற்குப் பதில் இல்லாமல் அறையை மட்டும் கட்டினால் பூட்டித்தான் கிடக்கும். கூட வரும் மாமியாருக்கும் சின்னப் பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பாடு போட்ட இடங்களில் வந்து தங்கினார்கள்.

8 ஜூன், காலை 5.50

நேற்று ரோடு, யானை என்று எழுதிவிட்டுப் படுத்தேன், மனசு ஒப்பவில்லை. தாமதத்தில் பெரிய பங்கு வண்டி கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. தலை வலிக்கிறது, கண் மங்குகிறது, முகம் வீங்கியிருக்கிறது என்று காலையில் சொல்கிறாள். "சூடு", "பித்தம்" என்று எண்ணெய் வைக்கிறார்கள். கணவன் ஓசூரில் ஷிஃப்டில் இருக்கிறான், போன் எடுக்கவில்லை. மாமனார் அவன் வரட்டும் என்கிறார். சாயங்காலம் வலிப்பு வந்ததும்தான் 108க்குப் போன் போகிறது. ரோடு எவ்வளவு நன்றாக இருந்து என்ன?

இந்த இடத்தில் கைகொடுப்பது ஒன்றுதான். ஏழாம் மாதமே வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து, யார் கூடப் போவது, அவன் ஊரில் இல்லாவிட்டால் யார் முடிவு சொல்வது, யார் ரத்தம் கொடுப்பது என்று பேசி வைக்க வேண்டும். பேசிய வீடுகளில் பெண்ணே போனை எடுத்து 108க்கு அடித்ததைப் பார்த்திருக்கிறேன். "நர்சம்மா சொல்லிட்டாங்க, நான் போறேன்" என்று வண்டியில் ஏறிவிட்டு, அப்புறம்தான் கணவனுக்குத் தகவல் சொன்னாள் ஒருத்தி. எனக்கு எத்தனை சந்தோஷம்!

8 ஜூன், காலை 6.30

வண்டி ஏறிய பிறகும் தாமதம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை ஒரு ஆஸ்பத்திரியில் இறக்கி, ரத்தம் இல்லை என்று இன்னொன்றுக்கு அனுப்பி, அங்கே மயக்க மருந்து டாக்டர் இல்லை என்று மூன்றாவதுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வாசலில் அவள் உயிர் போனது. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. எழுத நினைப்பது, அனுப்புகிறவர் முதலில் போன் எடுத்து "இப்படி ஒரு கேஸ் வருகிறது, ரத்தம் இந்த குரூப், தயாராக இருக்கிறீர்களா" என்று கேட்க வேண்டும் என்பதுதான். கேட்டு அனுப்பிய கேஸ்களில் வண்டி நிற்கும்போதே ஸ்ட்ரெச்சர் வாசலில் நின்றது. இந்த விஷயத்தில் தம்பி பக்கம் நிற்கிறேன்: டாக்டர் வேண்டும், மயக்க மருந்துக்கு ஆள் வேண்டும், ரத்தம் வேண்டும். செவிலியரைக் குறைத்து அதைச் செய்யாதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

10 ஜூன், இரவு 10.05

குழந்தைகளுக்கு வருகிறேன். பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளில் நாலில் மூன்று முதல் வாரத்திலேயே போய்விடுகின்றன. தாய் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து, உறவுக்காரர்கள் பார்க்க வந்து, வீடு கலகலவென்று இருக்கும் அந்த வாரம். குறைமாதம், எடைக் குறைவு, கிருமி, பிறக்கும்போது மூச்சுத் திணறல், பெரும்பாலும் இவைதான் காரணம்.

தளியைக் குட்டி இங்கிலாந்து என்பார்கள். மார்கழியில் அங்கே விடியற்காலை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அந்தக் குளிரில் இரண்டு கிலோக் குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, தலையை ஈரத்தோடு விடுவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த உடம்பில் கொழுப்பே இல்லை, சூட்டைப் பிடித்து வைக்காது. மதியத்துக்குள் பால் உறிஞ்சுவதை விடும். "புள்ள சமத்து, அழவே இல்லை" என்பார்கள். அழாத குழந்தையைப் பார்த்தால் எங்களுக்குப் பயம். உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பேன். வயிறு சூடாக, கால் ஜில்லென்று இருந்தால் குளிர் தாக்குகிறது. வயிறும் ஜில்லென்றால் உடனே வண்டி.

அதற்கு மருந்து தாயின் மார்புதான். குழந்தையின் சட்டையைக் கழற்றி, குல்லா மட்டும் போட்டு, தாயின் தோலோடு தோலாக நெஞ்சுக்கு நடுவில் வைத்து, சேலையால் இறுக்கிக் கட்டி, மேலே கம்பளி. கங்காரு முறை என்கிறார்கள். 1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டு பொகோட்டாவில், போதுமான இன்குபேட்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் தொடங்கினார்கள். தாய்க்கு அலுத்தால் அப்பாவோ பாட்டியோ கட்டிக்கொள்ளலாம். ஒரு வீட்டில், நம் மலைகளில் இருக்கும் மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்த தாத்தா ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பேரனை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஒரு மதியம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று சிரித்தார்கள். அவர் அசையவில்லை. அந்தப் பையன் இப்போது காலேஜ் படிக்கிறான்.

கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர், பிறந்ததும் நாக்கில் வைக்கும் சேனை, உரைமருந்து எதுவும் ஆறு மாதத்துக்கு வேண்டாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பத்தியம் வைத்தால் பால் எப்படி ஊறும்?

10 ஜூன், இரவு 10.40

மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்கு, இருபத்தொன்று, இருபத்தெட்டு, நாற்பத்திரண்டு. வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய நாட்கள் இவை. தாயையும் அப்போதுதான் பார்க்க வேண்டும். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் வலிப்பு வரும், காய்ச்சலோடு சீழ் பிடிக்கும். எல்லாரும் குழந்தையைச் சுற்றி நிற்கும்போது மூலையில் படுத்திருக்கிறவளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

11 ஜூன், மதியம் 2.20

நல்லம்பள்ளி அக்கா ஒருவர், "அப்போதெல்லாம் மூன்றாம் நாள் நீங்கள் வந்தது எதற்கென்று எனக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறார். ஆமாம் அக்கா. தொண்ணூறுகளில் பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு, அதுவும் இரண்டாவது மூன்றாவது பெண் என்றால், திரும்பத் திரும்பப் போனோம். குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் வந்தது, 2001இல் தர்மபுரிக்கும் வந்தது. தெருநாடகக் கலைப்பயணம் ஊர் ஊராகப் போனது. கொலை குறைந்தது.

அப்புறம் அது வயிற்றுக்குள் போனது. கருவின் பாலினம் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994லிருந்து இருக்கிறது. ஆனாலும் கையடக்க ஸ்கேன் மெஷினோடு சுற்றுகிறவர்கள் இந்த மாவட்டங்களில் பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். பெண் என்று தெரிந்ததும் ஐந்தாம் மாதத்தில் படிப்பில்லாத ஒருவரிடம் போய்க் கலைக்கிறார்கள். அதில் தாயும் போகிறாள். பதிவான கர்ப்பம் நடுவில் காணாமல் போனால் எங்களுக்குத் தெரியும், முதல் இரண்டும் பெண்ணாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

12 ஜூன், இரவு 9.00

பதினேழு வயசிலேயே கல்யாணமாகிக் கர்ப்பமாகும் பெண்கள் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். நம் இரண்டு மாவட்டத்திலும் இது குறையாத நோய். இடுப்பெலும்பு முழுதாக வளராத வயசு, ரத்தம் குறைவு, பிரஷர் ஏறும் ஆபத்து அதிகம், குழந்தை எடை குறைவு. சட்டம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேஸ் வரும் என்ற பயத்தில் கர்ப்பத்தையே மறைக்கிறார்கள். யாரைத் தேடிப் பிடித்துக் கவனிக்க வேண்டுமோ அவள்தான் ஆஸ்பத்திரிக்கு வராமல் ஒளிகிறாள். அந்தக் கதவைத் தட்டி, "யாரையும் மாட்டி விட வரலை, உன் பிரஷரைப் பார்க்க வந்தேன்" என்று சொன்னால்கூட, அடுத்த நாள் வீடு பூட்டியிருக்கும். எட்டாம் வகுப்பிலேயே போய்ப் பேச வேண்டும், பன்னிரண்டாவது வரை பஸ் ஓட வேண்டும். பக்கத்தில் மேல்நிலைப்பள்ளி இருக்கும் ஊரில் பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்துவது குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

14 ஜூன், காலை 6.15

தம்பி "ஒரு உதாரணம் காட்டுங்கள்" என்றார். சிட்டிலிங்கிக்குப் போய்ப் பாருங்கள், அரூருக்கு அந்தப் பக்கம், கல்வராயனுக்கும் சித்தேரிக்கும் நடுப் பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993இல் அங்கே போனபோது ஆயிரம் குழந்தை பிறந்தால் 147 ஒரு வயதுக்குள் போய்க்கொண்டிருந்தன. ஆபரேஷன் என்றால் சேலம்தான். ஊர்க்காரர்கள் கட்டிக்கொடுத்த குடிசையில் பிரசவம் பார்த்தார்கள், ஆபரேஷனும் செய்தார்கள். ஆனால் அவர்கள் டாக்டர் வேலையோடு நிறுத்தவில்லை. அந்த ஊர் மலையாளிப் பெண்களையே சேர்த்து, நர்ஸ் வேலை சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு ஊருக்கும் கர்ப்பிணியையும் குழந்தையையும் பார்த்துவர ஆள் வைத்தார்கள். பின்னாளில் அந்த 147 என்பது 20 பக்கத்தில் வந்தது. வீடு வீடாகப் போவதும் ஆபரேஷன் தியேட்டரும் ஒரே இடத்திலிருந்து நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இருக்கும் சாட்சி.

14 ஜூன், இரவு 8.45

தாய் மரண ஆய்வு பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1994லேயே ஆரம்பித்து, 2004லிருந்து ஒவ்வொரு சாவையும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கறாராக்கினார்கள். கலெக்டர் முன்னால் கூட்டம் நடக்கும். இறந்தவளின் வீட்டாரையும் கூப்பிடுவார்கள். நானும் அந்த அறையில் நின்றிருக்கிறேன். டாக்டர்கள் ஃபைலைப் பார்த்துச் சொன்னார்கள், எல்லாம் மணிப்படி எழுதியிருந்தது. அப்புறம் அவளுடைய அம்மாவைக் கேட்டார்கள். அவர் ஃபைலில் இல்லாத ஒன்றைச் சொன்னார்: டிஸ்சார்ஜ் ஆகும்போதே பெண்ணுக்குத் தலைவலி இருந்தது, இரண்டு பேரிடம் சொன்னோம், மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் டிஸ்சார்ஜ் செய்யும் நாளில் மறுபடி ஒரு தரம் பிரஷர் பார்க்காமல் யாரையும் அனுப்பவில்லை. அந்த அம்மா பேசியிருக்காவிட்டால் இது வந்திருக்காது.

15 ஜூன், காலை 7.00

தம்பி, ராத்திரி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தங்கைக்கு ஏழாம் மாதம், அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து வருகிறாள் என்கிறீர்கள். அப்படியானால் வாதத்தை நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம்.

வந்த முதல் செவ்வாய்க்கிழமையே உங்கள் பி.எச்.சி.க்குக் கூட்டிப் போங்கள். தாயி கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் எல்லாம் கையில் இருக்கட்டும். பிக்மி எண் இங்கே இல்லை என்றால் அன்றே போடச் சொல்லுங்கள். ரத்தம் எத்தனை கிராம், பிரஷர் எவ்வளவு என்று கேட்டு நீங்களே ஒரு நோட்டில் எழுதுங்கள். 9க்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்தை டிரிப்பில் ஏற்றுவது பற்றிக் கேளுங்கள், மாத்திரையை நம்பி உட்கார நேரம் இல்லை. அவள் ரத்த குரூப்பில் இரண்டு பேரை இப்போதே பேசி வையுங்கள், நீங்களே ஒரு ஆளாக இருக்கலாம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, குழந்தை அசைவு குறைதல், ரத்தம் படுதல், இதில் எது வந்தாலும் யாரையும் கேட்காமல் 108. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வர 102 வண்டி இலவசம், ஆட்டோவுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரின் நம்பரை வாங்கித் தங்கையின் போனில் போட்டுவிடுங்கள். காரிமங்கலம் பக்கம் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், இன்றைக்கே பேசி வைக்கிறேன்.